காயாக வந்த பழத்தை எங்கே வைப்பது? மேசை, காகிதப் பை, ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர்

பழம் வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் அடுக்குகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஃப்ரிட்ஜே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்தப் பழத்தை எந்தப் பருவத்தில் உள்ளே வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பச்சையாக இருக்கும் வாழைக்காயை உள்ளே வைத்தால் அது ஒழுங்காகப் பழுக்கவே செய்யாது. அதே காய் வெளியே இருந்து மஞ்சளான பிறகு உள்ளே போனால் இன்னும் சில நாள் தாங்கும். ஸ்ட்ராபெர்ரிக்கு இது நேர்மாறு, அதை வெளியே வைத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான்.

கையில் இருக்கும் வழிகள் நாலு. மேசை மேல் விட்டுவிடலாம், காகிதப் பைக்குள் மூடி வைக்கலாம், ஃப்ரிட்ஜில் வைக்கலாம், வெட்டி ஃப்ரீசரில் போடலாம். இதில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. அதற்கு முன்னால் இரண்டு கேள்வி இருக்கிறது: பறித்த பிறகும் பழுக்கக்கூடிய ரகமா இது? ஆமாம் என்றால், பழுத்து முடிந்துவிட்டதா, இன்னும் வேலை பாக்கி இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் எங்கே வைப்பது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

பறித்த பழத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது; ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள சர்க்கரையையும் அமிலத்தையும் எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. மரத்தில் இருந்தவரை இந்தச் செலவை ஈடுகட்ட இலையிலிருந்து சர்க்கரை வந்துகொண்டிருந்தது, காம்பை வெட்டிய நிமிடத்திலிருந்து வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் நடக்கிறது. 1920களில் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிளின் மூச்சை அளந்து பார்த்தார்கள். பழுக்கும் நேரத்தில் அது சட்டென்று எகிறி, ஒரு உச்சியைத் தொட்டு, பிறகு இறங்கியது. எல்லாப் பழத்திலும் இந்த ஏற்றம் வருவதில்லை. வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, பலா, ஆப்பிள், பேரி, பீச், அவகேடோ, கிவி, தக்காளி ஆகியவற்றில் வரும். ஆரஞ்சு, எலுமிச்சை, திராட்சை, மாதுளை, அன்னாசி, தர்பூசணி, செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, லிச்சி ஆகியவற்றில் வராது. இந்த இரண்டாவது கூட்டம் பறித்த அன்று எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான், அப்புறம் எங்கே வைத்தாலும் இனிப்பு கூடாது.

அந்த ஏற்றத்தைத் தொடங்கி வைப்பது எத்திலீன், இரண்டு கார்பனும் நாலு ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள மிக எளிய வாயு. பழமே இந்த வாயுவைத் தயாரிக்கிறது என்பதை 1934இல் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, ஏசிசி என்ற இடைப்பொருள் வழியாக எத்திலீன் உருவாகிறது என்பது 1979 வாக்கில் தெளிவானது. இதில் நமக்கு உபயோகமான தகவல் இரண்டு. கடைசிப் படிக்கு ஆக்சிஜன் வேண்டும். அப்புறம், எத்திலீன் பட்ட பழம் இன்னும் அதிக எத்திலீனைத் தயாரிக்க ஆரம்பிக்கும், அது பக்கத்துப் பழத்தையும் கிளப்பிவிடும், அதனால்தான் ஒரு பெட்டியில் ஒன்று பழுத்தால் மற்றவையும் வரிசையாகப் பழுக்கின்றன. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் காகிதப் பை ஏன் வேலை செய்கிறது, பிளாஸ்டிக் பை ஏன் சொதப்புகிறது என்பது புரிந்துவிடும்.

பைக்குப் போகும் முன் இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். பச்சை வாழைக்காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கும்போது அமைலேஸ் போன்ற நொதிகள் அதை உடைத்துச் சர்க்கரையாக மாற்றுகின்றன, நன்றாகப் பழுத்ததும் மாவுச்சத்து 1 அல்லது 2 சதவீதத்துக்கு இறங்கிவிடும், சர்க்கரை 20 சதவீதத்துக்குப் பக்கமாக ஏறிவிடும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பச்சைக் காயில் ஒரு துண்டும் பழுத்ததில் ஒரு துண்டும் வெட்டி, காயத்துக்குப் போடும் அயோடின் கரைசலை இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். காய்த் துண்டு உடனே கருநீலமாகிவிடும், பழத் துண்டில் அயோடினின் பழுப்பு மஞ்சள் நிறம் அப்படியே நிற்கும். செங்காயில் செய்தால் இன்னும் அழகு, மாவு மிச்சமிருக்கும் பகுதி மட்டும் கருத்து, சர்க்கரையாக மாறிய பகுதி வெளுப்பாகவே இருக்கும். ஆப்பிள் தோட்டங்களில் எப்போது பறிக்கலாம் என்று முடிவு செய்வதும் இதே சோதனையால்தான். சோதித்த துண்டைச் சாப்பிடாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, மாவுச்சத்து உள்ள பழத்துக்கு இது பொருந்தும். வாழை, மா, கிவி, ஆப்பிள் எல்லாம் அப்படித்தான். பப்பாளி, முலாம்பழம், பீச் ஆகியவை மாவைச் சேர்த்து வைப்பதே இல்லை. இவையும் எத்திலீன் பட்டால் மெத்தென்று ஆகும், நிறம் மாறும், வாசம் வரும், பீச்சில் புளிப்பும் குறையும். ஆனால் சர்க்கரையாக மாற உள்ளே எதுவும் இல்லாததால் இனிப்பு என்னவோ பறித்த அன்றைக்கு இருந்ததுதான். வெளியே மூன்று நாள் வைத்த பப்பாளி கைக்கு இதமாக இருந்தும் வாயில் சப்பென்று இருந்தால் உங்கள் சேமிப்பில் குறையில்லை, முற்றாத காயைப் பறித்திருக்கிறார்கள். அவகேடோ இன்னொரு வகை. அது மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, முற்றிய பிறகும் மாதக்கணக்கில் கிளையிலேயே கெட்டியாகத் தொங்கும், பறித்த பிறகுதான் பழுக்கத் தொடங்கும். அதில் சேர்வது எண்ணெய், அதனால் இனிப்பை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

முற்றாத காயைப் பறித்துப் பழுக்க வைத்தால் வெம்பிப் போகும். தோல் மஞ்சளாகும், சதை சுருங்கித் தொளதொளவென்று ஆகும், ருசி வராது. மாங்காயில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி தண்ணீர். முற்றிய மாங்காய் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது, மூழ்கும். உள்ளே மாவு சரியாகச் சேராத காய் மிதக்கும். காம்பைச் சுற்றித் தோள் நன்றாகப் பருத்திருப்பதும் முற்றியதற்கு அடையாளம். மூழ்கிய காயைப் பழுக்க வையுங்கள், மிதந்ததை ஊறுகாய்க்கோ சமையலுக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை தவிர மற்ற மாற்றங்கள் இதே நேரத்தில் பக்கத்திலேயே நடக்கின்றன. செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினை நொதிகள் கரைக்கின்றன, பழம் இளகுகிறது. பச்சையம் சிதைகிறது, வாழையில் ஏற்கெனவே அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, தக்காளியில் லைகோபீன் என்ற சிவப்பு நிறமி புதிதாகவே உருவாகிறது. துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி நாக்கில் ஒட்டுவதை நிறுத்திவிடுகின்றன. வாழைப்பழத்துக்கே உரிய அந்த வாசம் ஐசோஅமைல் அசிடேட் போன்ற எஸ்டர்கள் என்ற வாசப் பொருள்களிலிருந்து வருகிறது, அது கடைசிக் கட்டத்தில்தான் நன்றாகக் கூடும். இதில் ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டால் போதும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பெக்டினை உடைக்கும் நொதி ஒன்றைக் கட்டுப்படுத்திய மரபணு மாற்றத் தக்காளி, ஃப்ளேவர் சேவர், 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து சில வருடங்களிலேயே மறைந்தும் போனது. அந்த ஒரு நொதியைக் குறைத்தும் தக்காளி இளகுவது நிற்கவில்லை. பழுப்பது பல வேலைகள் சேர்ந்து நடக்கிற காரியம், எத்திலீனும் வெப்பமும்தான் எல்லாவற்றையும் ஒன்றாக இழுக்கிற கயிறுகள், அதனால் நாமும் அந்த இரண்டில்தான் கை வைக்க வேண்டும்.

முதல் வழி, மேசை. 20 டிகிரி சுற்றுவட்டாரத்தில் இருக்கும் அறையில், நேர் வெயில் படாமல், ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் வைத்தால் முதல் கூட்டத்துப் பழங்கள் எல்லாமே நன்றாகப் பழுக்கும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஏனென்றால் நிறம், இனிப்பு, வாசம் எல்லாம் ஒரே வேகத்தில் வருகின்றன, தினமும் எடுத்துப் பார்க்கவும் முடியும். குறை என்றால் இரண்டு. நேரம் பிடிக்கும், அப்புறம், அறை ரொம்பச் சூடாக இருந்தால் வேலை தப்பாக நடக்கும். 30 டிகிரிக்கு மேல் தக்காளியில் லைகோபீன் சரியாக உருவாகாது, சிவக்காமல் ஆரஞ்சு மஞ்சளிலேயே நின்றுவிடும். கேவென்டிஷ் ரக வாழை 24 டிகிரியைத் தாண்டினாலே தோலில் பச்சையம் முழுதாகப் போகாது, வெளியே பச்சையாகத் தெரியும், உரித்தால் உள்ளே குழைந்திருக்கும். சூட்டு நாட்களில் வாழைப்பழத்தை நிறத்தை வைத்து மட்டும் எடைபோட வேண்டாம், காம்புக்குக் கீழே மெல்ல அழுத்திப் பாருங்கள்.

இரண்டாவது, காகிதப் பை. அவசரம் இருந்தால் இதுதான் சரியான தேர்வு. பழம் விடும் எத்திலீன் பைக்குள் தேங்கும், காகிதத்தின் வழியே ஆக்சிஜன் உள்ளே வரும், ஈரம் வெளியே போகும். கெட்டியான அவகேடோவோடு நன்றாகப் பழுத்த ஒரு வாழையோ ஆப்பிளோ சேர்த்துப் போட்டால் ஒன்றிரண்டு நாள் மிச்சம். இதையே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிச் செய்தால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் எத்திலீனே உருவாகாது என்று மேலே பார்த்தோம், அதோடு பழம் காற்றில்லா மூச்சுக்கு மாறி சர்க்கரையை அசிட்டால்டிஹைடாகவும் ஆல்கஹாலாகவும் மாற்றத் தொடங்கும், புளித்த நெடி வரும், உள்பக்கம் வேர்த்து வழிகிற ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். திராட்சையையோ ஆரஞ்சையோ பைக்குள் வைப்பதில் பயனே இல்லை. ஆரஞ்சுக்கு எத்திலீன் கொடுத்தால் தோலின் பச்சை போகும், உள்ளே சுளை அப்படியே இருக்கும். அதனால் ஆரஞ்சில் தோல் நிறத்துக்கும் இனிப்புக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

மூன்றாவது, ஃப்ரிட்ஜ். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் பழத்தின் மூச்சு ஏறக்குறைய பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும், அந்த அளவுக்கு ஆயுள் கூடும். இரண்டாவது கூட்டத்துப் பழங்களில் திராட்சை, ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, லிச்சி எல்லாவற்றுக்கும் யோசிக்கவே வேண்டாம், வந்ததும் உள்ளே. முதல் கூட்டத்திலும் பழுத்து முடிந்த எதையும் உள்ளே வைக்கலாம்.

தகராறு எல்லாம் வெப்பமண்டலப் பழங்களைக் காயாகவே உள்ளே வைக்கும்போதுதான். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழேயும், மாங்காய்க்கு ரகத்தைப் பொறுத்து 10 முதல் 13 டிகிரிக்குக் கீழேயும் குளிர்க்காயம் உண்டாகும். வீட்டு ஃப்ரிட்ஜ் இருப்பதோ 4 டிகிரியில். செல் சவ்வில் இருக்கும் கொழுப்பு இந்தக் குளிரில் இறுகிவிடும், சவ்வு கசியும், செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த ஃபீனால் என்ற வேதிப்பொருள்களும் அவற்றைக் கருக்க வைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதியும் ஒன்றாகக் கலந்துவிடும். பழுத்த வாழையை உள்ளே வைத்தால் தோல் கருப்பாவது இதனால்தான். அந்தத் தோலைப் பார்த்துப் பழத்தைத் தூக்கிப் போடாதீர்கள், உரித்துப் பாருங்கள், சில நாட்களுக்குச் சதை வெள்ளையாக நன்றாகவே இருக்கும். காயாக வைத்ததற்குத்தான் மீட்பு இல்லை. திரும்ப வெளியே எடுத்து வைத்தாலும் தோல் மங்கிய சாம்பல் நிறமாகும், மாவு சரியாக உடையாது, துவர்ப்பு நிற்கும்.

தக்காளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் அமிலமும் பெரிதாக மாறவில்லை, வாசப் பொருள்கள் மட்டும் நன்றாகக் குறைந்தன, அவற்றை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போயிருந்தன, ஒரு நாள் வெளியே வைத்தும் பழைய மணம் முழுதாகத் திரும்பவில்லை. சாலட்டுக்குப் பச்சையாகச் சாப்பிடுகிற தக்காளியை வெளியே வையுங்கள். குழம்பில் கொதிக்கப் போகிறது, அல்லது நாளைக்குள் அளிந்துவிடும் நிலையில் இருக்கிறது என்றால் ஃப்ரிட்ஜ்தான், வாசம் போனாலும் பழம் மிஞ்சும்.

பீச்சுக்கு விசித்திரமான ஒரு குணம் உண்டு. அது 0 டிகிரியில் நன்றாக இருக்கும், அறை வெப்பத்திலும் நன்றாகப் பழுக்கும், நடுவில் 2 முதல் 8 டிகிரிக்குள் பல நாள் இருந்தால்தான் பெக்டின் உடைவது தாறுமாறாகிச் சாறில்லாமல் பஞ்சு பஞ்சாகிவிடும். ஃப்ரிட்ஜ் ஓடுவது சரியாக அந்த இடைவெளியில். முதலில் வெளியே பழுக்க விட்டு, பிறகு ஓரிரு நாள் மட்டும் உள்ளே வைத்தால் தப்பிக்கலாம். ஐரோப்பியப் பேரியில் பல ரகங்களுக்கு நேரெதிராக, முதலில் சில வாரம் குளிர் பட்டால்தான் அப்புறம் ஒழுங்காகப் பழுக்கும். அது உள்ளிருந்து வெளியே பழுக்கிற பழம், எனவே காம்பை ஒட்டிய இடம் லேசாக இளகியதும் சாப்பிட்டுவிட வேண்டும், வயிற்றுப் பகுதி இளகும்வரை காத்திருந்தால் நடுவில் பழுப்பாகியிருக்கும்.

ஃப்ரிட்ஜுக்குள்ளும் எத்திலீன் சும்மா இருக்காது. கிவிக்கு நூறு கோடியில் சில பத்துப் பங்கு எத்திலீன் பட்டாலே இளக ஆரம்பித்துவிடும், ஆப்பிளோ நிறைய எத்திலீன் விடும் பழம், இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் கிவி சீக்கிரம் குழையும். கேரட் இதே வாயு பட்டால் கசக்கும், கீரை மஞ்சளாகும். ஆப்பிளுக்கு ஒரு அறை, மற்றவற்றுக்கு ஒரு அறை என்று பிரித்துவிட்டாலே போதும். எத்திலீனை உறிஞ்சும் சிறு பொட்டலங்களும் கிடைக்கின்றன, உள்ளே இருப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஊதா நிறம் பழுப்பானால் அதன் வேலை முடிந்தது. பழத்தைப் பிரித்து வைக்க இடம் இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பெரிய குளிர்கிடங்குகள் செய்வதும் இதே வேலைதான், இன்னும் கறாராக. ஆப்பிளை 0 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து, காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனை 1 முதல் 3 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். 1990களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த 1-எம்சிபி என்ற வாயு, எத்திலீன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும், பழத்துக்குச் சேதியே போகாது. மொறுமொறுப்பு அருமையாக நிற்கும். வாசம்தான் அடிவாங்கும், எஸ்டர்கள் உருவாக எத்திலீனும் ஆக்சிஜனும் வேண்டும் அல்லவா. நீண்ட நாள் கிடங்கில் இருந்த ஆப்பிள் கடிக்க நன்றாக இருந்தும் மணமே இல்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே பலருக்கு உள்ள பயத்தையும் பேசிவிடலாம்: செயற்கையாகப் பழுக்க வைத்தது எல்லாமே விஷமா? எத்திலீன் அறையில் பழுத்ததையும் கார்பைடு கல் வைத்துப் பழுத்ததையும் ஒன்றாகப் போட்டு வசைபாடுவது நியாயமில்லை. எத்திலீன் அறையில் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 முதல் 150 பங்கு எத்திலீனை ஒன்றிரண்டு நாள் செலுத்துகிறார்கள், கார்பன் டை ஆக்சைடு தேங்காமல் காற்றை மாற்றுகிறார்கள், 15 முதல் 18 டிகிரியில் வைக்கிறார்கள். பழம் தானே செய்யப்போகிற வேலையை அதே மூலக்கூறால் தொடங்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். முற்றிய காயாக இருந்தால் அந்தப் பழம் நன்றாகவே இருக்கும், நான் தயங்காமல் சாப்பிடுவேன். கால்சியம் கார்பைடு வேறு சமாச்சாரம். அது ஈரத்தோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயுவை விடும், அது எத்திலீனைப் போலப் பாசாங்கு செய்யும், ஆனால் பல மடங்கு அதிகம் தேவைப்படும். தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே பாதிக் காயாக நிற்கும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்படம் இருப்பதால் ஆர்சைன், பாஸ்பீன் என்ற நச்சு வாயுக்களும் கூடவே வரும், அதைக் கையாளுகிறவருக்கும் ஆபத்து. பல நாடுகளில் பழத்துக்கு இதைத் தடை செய்திருக்கிறார்கள், சரியான முடிவு. வீட்டில் காகிதப் பையும் ஒரு பழுத்த வாழையும் இருக்கும்போது இதற்குத் தேவையே கிடையாது.

கடைசி வழி ஃப்ரீசர். எல்லாமே ஒரே நாளில் பழுத்துவிட்டால், அல்லது ஃப்ரிட்ஜிலும் தாங்காத நிலைக்கு வந்துவிட்டால் மட்டும் இதற்குப் போங்கள். உறைநிலைக்கு 18 டிகிரி கீழே கிருமி வளராது, நொதி வேலைகள் முழுசாக நிற்காவிட்டாலும் நத்தை வேகத்துக்கு வந்துவிடும். பனிப்படிகம் செல் சுவர்களைக் கிழித்துவிடுவதால் உருகியதும் பழம் தொய்ந்துவிடும், அப்படியே கடித்துச் சாப்பிட ஏற்றதில்லை. அரைத்துக் குடிக்க, ஜாம் காய்ச்ச, கேக்கில் சேர்க்க அருமையாக இருக்கும். காயாக உறைய வைத்தது உருகிய பிறகு பழுக்காது, ஆகவே நன்றாகப் பழுத்த பிறகே வெட்டுங்கள். துண்டுகள் மேல் எலுமிச்சைச் சாறு தடவினால் கருப்பது குறையும், அமிலமும் வைட்டமின் சியும் கருக்க வைக்கும் அந்தப் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கும். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, இறுகிய பிறகு பைக்கு மாற்றிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். வாழையைத் தோலோடு போடாதீர்கள், உறைந்த பிறகு அதை உரிப்பதற்குள் கை மரத்துவிடும்.